படத்தில் பெய்யாத பனி

இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து உட்காருங்கள், கண்மணிகளா. கதவோரத்தில் இருப்பவரும்தான்; அங்கே காற்று அடிக்கும். இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரே ஒரு புகைப்படம். அதை எடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பனிமலைக்குப் போன இரண்டு பேரோடு நாமும் போய் வருவோம்.

மியாதோமாரி மீன்சந்தைக்குப் பின்தெருவில், சலவைக்கடை மாடியில் உசாமி தோக்கியின் அலுவலகம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன வீடுகளைப் பார்த்து, தீ தானாக வந்ததா, வரவழைத்ததா என்று சொல்வதுதான் அங்கே அவருக்கு வேலை. அதனாலோ என்னவோ, பேசுகிற வாயைவிடப் பேசாத பொருளைத்தான் அதிகம் நம்புவார். உதவியாளன் கோஹெய் அதற்கு நேர் எதிர். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், பயணிகளிடம் வாயாடியே வேலையைத் தொலைத்தவன்.

அந்தக் காலையில் அவர்களுக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மினாகோ. துறைமுகத் தெருவில் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்த கிமியோவின் மனைவி. அவருக்கு ஒரு நாற்காலி இடம் விட்டு ஷோசோ, கிமியோவின் அண்ணன்.

கிமியோ வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், இறந்தவராக அறிவிக்கச் சொல்லி உறவினர்கள் குடும்ப நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஷோசோ கேட்டிருந்தார். நீதிமன்றமும் அறிவிப்பு ஒட்டியிருந்தது: இந்த மனிதர் உயிரோடு இருப்பதை அறிந்தவர்கள் பிப்ரவரிக் கடைசிக்குள் தெரிவிக்கவும், அவரே வந்து தெரிவித்தாலும் சரி.

"கோர்ட்டு ரொம்ப மரியாதையானதுதான்," என்றான் கோஹெய். "செத்துட்டீங்களான்னு ஆளையே கேட்டுட்டுதான் சாகடிக்குது."

உசாமி அவன் காலை மேசைக்கடியில் மிதித்தார்.

ஷோசோ கோபித்துக்கொள்ளவில்லை. "என்னை வில்லனாப் பார்க்காதீங்க. எனக்கும் எண்பது நெருங்குது. தம்பிக்கு ஒரு ஊதுவத்தி ஏத்தி, பேர் சொல்லிக் கும்பிட்டுட்டாவது போகணும். நான் போயிட்டா அதச் செய்ய யார் இருக்கா?"

"உயிரோட இருக்கறவருக்கு எதுக்கு ஊதுவத்தி?" என்றார் மினாகோ. குரலை உயர்த்தவில்லை. மடியில் இருந்த நாட்காட்டித் தாளை மேசைமேல் விரித்தார். "இதப் பாருங்க உசாமி-சான். இது அவர் எடுத்த படம்." 'சான்' என்றால் அவர்கள் ஊரில் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல், கண்மணிகளா.

ஹொஷிதானி மலைப்பாதை ரயிலை நேசிப்பவர்களின் குழு ஒன்று வருடா வருடம் போடும் நாட்காட்டி அது. பிப்ரவரி மாதத்துத் தாள். ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று பாலத்தில் ஏறிப் போகிறது. தெரிவது முகமல்ல, முதுகு. பின்விளக்குகள் சிவந்திருக்கின்றன. பின்பக்க எல்இடி பலகையில் போகும் ஊரின் பெயர் மஞ்சளாக எரிகிறது. பாதையோரத்தில் ஏணிமேல் ஏறி நிற்கும் புகைப்படக்காரர்களின் வரிசை. அவர்களும் முதுகைத்தான் காட்டுகிறார்கள். தொப்பிகளின் மேல் பனி குவிந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் நடைமேடையின் ஒரு துண்டு. எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பெயர் வேண்டாம்'.

"வர்ற வண்டியோட மொகத்த எடுக்கத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க," என்றார் மினாகோ. "போற வண்டிய எடுக்கறவர் இவர். ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது ஒரு ரயிலோட முதுகோட வீட்டுக்கு வருவார்."

"முதுகெடுக்கறவன் நாட்டுல ஒருத்தனா இருப்பான்?" என்றார் ஷோசோ. "மினாகோ-சான், நீங்க பார்க்கணும்னு நெனக்கறதப் பார்க்கறீங்க."

"இத யார் அனுப்பினதுன்னு குழுவக் கேட்டீங்களா?" என்று உசாமி விசாரித்தார்.

"கேட்டேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு பெட்டி வெச்சிருக்காங்க. யார் வேணா பிரிண்ட் போட்டு உள்ள போடலாம். இது நொகேசவா ஸ்டேஷன் பெட்டில இருந்துச்சாம். அதுக்கு மேல அவங்களுக்கே தெரியல."

"அவர் என்ன கேமரா வெச்சிருந்தார்?"

"நல்ல கேமராதான். போனுன்னா ஆகாது. அது பொய் சொல்ற மிஷின்னுவார். 'கைபேசி உள்ளே வரக் கூடாது'ன்னு ஸ்டுடியோ வாசல்ல போர்டே மாட்டியிருந்தார்."

"பூனை வரலாமா?" என்றான் கோஹெய்.

"பூனை வரும்," என்றார் மினாகோ. அன்று முதல் தடவையாக அவர் முகம் இளகியது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் உசாமியும் கோஹெய்யும் நொகேசவாவில் இருந்தார்கள். ஊழியர் யாருமில்லாத ஸ்டேஷன். ஒரு நடைமேடை, ஒரு காத்திருப்பு அறை, அதன் கூரையில் புகைபோக்கி. நடைமேடை முடிகிற இடத்தில் படத்தில் கண்ட பாலம். பாலத்துக்கு முன்னால், தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் ஏணிகள் வரிசையாக நின்றன. ஒவ்வோர் ஏணியிலும் பெயர் ஒட்டியிருந்தது. முதல் நாளே ஏணியை நட்டுப் பெயர் ஒட்டிவிட்டால் இடம் அவருடையது. அங்கே அதுதான் சட்டம். ஏணிகளின் மேல் ஆட்கள். ஆட்களின் கழுத்தில் கைக்குழந்தை கனத்தில் கேமராக்கள். பேச்சுமூச்சு இல்லை.

கோஹெய் பாலத்தைப் பார்க்க இரண்டடி முன்னால் போனான்.

"யாருடா அது முன்னாடி! குனி! குனி!" என்று வரிசை முழுக்கக் கத்தியது.

அவன் பனியில் மண்டியிட்டபடியே உசாமியிடம் திரும்பி வந்தான். "தலைவரே, ரயிலுக்குக்கூட இவ்ளோ வரவேற்பு இருக்காது போல."

ரயில் வந்தது. ஒரு நிமிடம் ஷட்டர்களின் சத்தம் ஆலங்கட்டி மழைபோல் பொழிந்தது. ரயில் பாலம் ஏறியதும் எல்லோரும் கேமராவை இறக்கிவிட்டார்கள். போகிற ரயிலை ஒருவரும் பார்க்கவில்லை.

உசாமி வரிசைத் தலைவரிடம் போனார். மகபே என்று பெயர், வாரநாட்களில் பல் மருத்துவர். நாட்காட்டித் தாளைக் காட்டியதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது போன வருஷம் பேஞ்ச பெரும் பனி. இதோ நான். சிவப்புத் தொப்பி நம்ம ஹிபினோ-சான்."

பக்கத்து ஏணியிலிருந்த பெண் எட்டிப் பார்த்தார். ஹிபினோ, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். "என் முதுகு இவ்ளோ அகலமா?"

"உங்களுக்குப் பின்னாடி, நடைமேடைல நின்னு எடுத்தது யார்?" என்றார் உசாமி.

"யாருமில்லியே," என்றார் மகபே. "அங்க நின்னா எங்க முதுகுதான விழும்? எவன் எடுப்பான்?"

"விழுந்திருக்கே டாக்டர். நல்லா அகலமா விழுந்திருக்கு," என்ற கோஹெய், ஹிபினோவின் பார்வையைக் கண்டு இருமினான். பிறகு தாளில் விரலை வைத்தான். "எனக்கு ஒரு சந்தேகம். பெரும் பனின்னீங்க. தொப்பில பனி இருக்கு, ஏணில இருக்கு. காத்துல ஒரு பொட்டுகூட காணோமே? தரைக்கு வந்தப்புறம்தான் வெள்ளையாச்சா?"

மகபேயின் முகம் மாறியது. தாளை மூக்கருகே கொண்டுபோனார். ரயிலின் பின்பக்கப் பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, நல்ல பல்லுக்குள் சொத்தையைக் கண்டுபிடித்த குரலில் சொன்னார்:

"இது கேமரா இல்ல. போன்."

"எப்படிச் சொல்றீங்க?" என்று உசாமி கேட்டார்.

"இந்தப் பலகையப் பாருங்க. இந்த விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அவ்ளோ வேகமா அணையறதால நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஓடற வண்டிய ஆடாம புடிக்கணும்னா நாங்க ஷட்டர வேகமா மூடணும். மூடினா எழுத்துல பாதி அணைஞ்சு, பல்லு விழுந்த வாய் மாதிரிதான் படத்துல இருக்கும். இங்க எழுத்தும் முழுசா இருக்கு, வண்டியும் ஆடல. ரெண்டும் சேர்ந்து எப்படி வரும்? போன் ஒரு படம் எடுக்கறதில்ல. ஒரு அமுக்குல ஏழெட்டு எடுத்து, நல்லதப் பொறுக்கித் தைச்சுடும். எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கறத வெச்சுக்கும். எடம் மாறிட்டே இருக்கற சின்னப் புள்ளிய அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுடும்."

"பெய்யற பனிய?" என்றான் கோஹெய்.

"பெய்யற பனியத்தான்."

"என் புதுக் கேமராவும் தைக்கும்," என்றார் ஹிபினோ, விட்டுக்கொடுக்காமல்.

"தைக்கும். எங்க இருக்குன்னு மெனுவுல தேடிக் கண்டுபிடிச்சு, ஸ்டாண்டு போட்டு, மூச்ச அடக்கி, மலை மாதிரி அசையாதத எடுத்தா தைக்கும். ஓடற ரயில எடுத்துப் பாரு, மூணு வால் வரும்."

"இவ்ளோ காசு வாங்கறாங்க. லென்ஸையெல்லாம் நமக்குக் குடுத்துட்டு மூளைய மட்டும் ஏன் போனுக்குக் குடுத்தாங்க?"

"எடுக்கறவனுக்கு மூளை இருக்கும்னு நம்பிக் குடுத்தது கேமரா," என்றார் மகபே.

"பெரிய நம்பிக்கைதான்," என்று முனகினான் கோஹெய்.

மகபே தாளைத் திருப்பித் தந்தார். "எங்க வரிசைல போன் தூக்கறவங்க யாரும் இல்ல. நீங்க வேற எங்கயாவது தேடுங்க."

உசாமி நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். நடைமேடையின் கீழே, காற்றுப்படாத இடத்தில் நின்றார். மறுபடியும் பனி விழத் தொடங்கியிருந்தது. கோஹெய் கைகளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"முடிஞ்சுது தலைவரே. போன வெறுத்த மனுஷன் போன்ல எடுப்பாரா? இது அவர் இல்ல. மினாகோ-சான்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிப்போம். யோசிக்க ஒரு கிண்ணம் சூடா நூடுல்ஸ் இருந்தா நல்லது."

உசாமி மினாகோவுக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க மினாகோ-சான்?"

"வீட்ல இருக்க முடியல. மலையடிவாரத்துக்கு வந்துட்டேன். வண்டி கெளம்பற முனை ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படம் போன்ல எடுத்தது. அதுல சந்தேகம் இல்ல."

மறுமுனையில் அறிவிப்பு ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. உசாமி காத்திருந்தார். காப்பீட்டுக் காலத்துப் பழக்கம் அது: எரிந்த வீட்டுக்காரர் வாயடைத்துப் போனால் அவசரப்படுத்தக் கூடாது.

"அவர் கை நடுங்க ஆரம்பிச்சிருந்துச்சு," என்றார் மினாகோ கடைசியில். "யார்கிட்டயும் சொல்லல. கடைசியா ஒரு கல்யாணம். ஒரு படம்கூடத் தேறல, எல்லாம் ஆடிப்போச்சு. பொண்ணோட அப்பா வாசல்ல வந்து அழுதார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப நான்தான் சொன்னேன். போன் ஒண்ணு வாங்கிக்கலாம், அது கை நடுக்கத்தத் தாங்கும்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன் உசாமி-சான். அவர் ஒரு வார்த்தை பேசல. சாப்பிட்ட கிண்ணத்தக் கழுவி வெச்சார். கல்யாணமான நாள்லேருந்து அவர் கிண்ணம் கழுவினதில்ல. காலைல ஆள் இல்ல."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"என் வாய்தான் அவர வீட்ட விட்டு அனுப்பிச்சுன்னு, அவரோட அண்ணன் முன்னாடி எப்படிச் சொல்றது?"

உசாமி போனை அணைத்தார். கோஹெய்யின் முகத்தில் கேலி காணாமல் போயிருந்தது.

"அவர் இல்லன்னு நாம எதவெச்சுச் சொன்னோமோ, அதுவே அவர்தான்னு சொல்லுது," என்றார் உசாமி. "படம் கேமராவுல எடுத்ததா இருந்தாத்தான் சந்தேகப்படணும். அந்தக் கையால இனிமே கேமராவுல எடுக்க முடியாது."

"சரி. ஆனா அன்னிக்குப் பின்னாடி யாரும் இல்லங்கறாங்களே?"

உசாமி தாளை அவன் முன்னே பிடித்தார். விரல் படத்தின் கீழ் ஓரத்தில் நின்றது. நடைமேடையின் அந்தத் துண்டு.

"தொப்பிமேல பனி எவ்ளோ ஒசரம் இருக்கு?"

"ஒரு சாண் இருக்கும்."

"நடைமேடைல?"

கோஹெய் பார்த்தான். தார்த் தரை கருப்பாகத் தெரிந்தது. மஞ்சள் கோடுகூடத் தெளிவாக இருந்தது. பெரும் பனி பெய்துகொண்டிருந்தபோது எடுத்த படத்தில், அந்தத் துண்டு மட்டும் அப்போதுதான் பெருக்கியதுபோல் இருந்தது.

இரண்டு பேரும் வரிசைக்கு ஓடினார்கள்.

"டாக்டர், இந்த நடைமேடையப் பெருக்கறது யாரு?" என்றார் உசாமி.

"அட, நம்ம ஸ்டேஷன் பெரியவர்!" மகபே உற்சாகமாகிவிட்டார். "தங்கமான மனுஷன். பஞ்சாயத்துல பனி தள்ள வெச்சிருக்காங்க. இப்ப அந்தக் காத்திருப்பு அறைலதான் இருக்கார். காலைல எங்களுக்கெல்லாம் சூடா அமசாகே காய்ச்சிக் குடுப்பார். அரிசிப் பானம்னாலும் அவர் கைப்பக்குவமே தனி."

"அன்னிக்கு இருந்தாரா?"

"என்னிக்கும் இருப்பார்."

"போன் வெச்சிருக்காரா?"

"இருக்கும். வண்டி போறப்ப ஏதோ தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பார்."

"அப்புறம் ஏன் சார் யாருமில்லன்னீங்க?" என்று கோஹெய் கத்தியேவிட்டான்.

மகபே உண்மையாகவே குழம்பிப் போனார். "நீங்க படம் எடுக்கறவங்களத்தான கேட்டீங்க?"

"அவர் பேர் என்ன?" என்றார் உசாமி.

மகபே ஹிபினோவைப் பார்த்தார். ஹிபினோ அடுத்த ஏணியைப் பார்த்தார். அந்த ஏணிக்காரர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். பார்வை வரிசைக் கடைசிவரை போய், அங்கே நின்றுவிட்டது. எத்தனையோ குளிர்காலம் அவர் காய்ச்சிய அமசாகேயைக் குடித்தவர்கள், கண்மணிகளா. ஒருவருக்கும் தெரியவில்லை.

காத்திருப்பு அறைக்குள் போகுமுன் உசாமி மினாகோவுக்கு ஒரே வரி அனுப்பினார்: அடுத்த வண்டியில் ஏறுங்கள்.

உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் பானை கொதித்தது. நரைத்த தாடியோடு ஒருவர் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் இருந்தும் அந்த அறை ஆளில்லாததுபோலவே இருந்தது. நாற்காலிகள்கூட யாரும் வரமாட்டார்கள் என்று முடிவு செய்தவைபோல் சுவரோடு ஒட்டி நின்றன.

"வாங்க, உக்காருங்க. வெளியில கடுங்குளிர்," என்று இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். ஊற்றும்போது கரண்டி கோப்பையின் விளிம்பில் கிணுகிணு என்று அடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். கோஹெய் எழுந்துபோய்க் கோப்பையை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அது அவனுக்குப் பெரிய காரியம்.

உசாமி நாட்காட்டித் தாளை விரித்தார். "நல்ல படம்."

"பனி விழல," என்றார் அவர் சட்டென்று. "அன்னிக்கு எதிர்ல ஆள் தெரியாத அளவுக்குப் பேஞ்சுது. இந்த மிஷின் ஒண்ணு விடாம துடைச்சிடுச்சு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"கிமியோ-சான்," என்றார் உசாமி.

அந்தப் பெயர் அந்த அறைக்குள் ஒலித்து எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ. அவர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"மினாகோ அனுப்பிச்சாளா?"

"ஆமா. படத்தப் பார்த்ததுமே சொல்லிட்டாங்க, இது அவர்தான்னு."

"வருஷா வருஷம் இந்த நாட்காட்டியத்தான் ஸ்டுடியோவுல மாட்டுவா. பார்ப்பான்னு தெரியும். கண்டுபிடிப்பான்னு நெனக்கல."

"பொய்," என்றார் உசாமி மெதுவாக.

கிமியோ மறுக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து மூலை விரிசல் விட்ட கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இங்க வந்தப்புறம் ஒரு வருஷம் எதையும் எடுக்கல. அப்புறம் யாரோ பயணி இத நாற்காலில விட்டுட்டுப் போனாங்க. திருப்பிக் குடுத்தப்ப, பழசுதான், நீங்களே வெச்சுக்குங்கன்னாங்க. ஒரு நாள் சும்மா தூக்கிப் பார்த்தேன். கை இந்த ஆட்டம் ஆடுது, படம் கல்லு மாதிரி நிக்குது. அவ சொன்னது அப்படியே சரி. அத அவகிட்ட போய்ச் சொல்லணும்னா, அன்னிக்கு நான் ஏன் எந்திரிச்சுப் போனேன்னும் சொல்லணும். அது எனக்கே இன்னும் தெரியல."

"இந்த மாசக் கடைசியோட நீங்க சட்டப்படி செத்துப் போறீங்க. உங்க அண்ணன் மனு போட்டிருக்கார்."

"போகட்டுமே. செத்தவனுக்குக் கை நடுங்காது."

"செத்தவருக்குச் சம்பளமும் வராது," என்றான் கோஹெய், கோப்பைக்குள் பார்த்தபடி. "அமசாகே யார் காய்ச்சுவாங்க? வெளியில ஏணிமேல இருக்கறதெல்லாம் வெறைச்சுப் போயிடும்."

கிமியோவின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாக மாறுவதற்குள் அடங்கிவிட்டது. "அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது."

"தெரியாது. அவங்களக் கேட்டுப் பார்த்தோம்," என்றார் உசாமி. "உங்க பேரத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் உங்களுக்காக ஊதுவத்தி வாங்கி வெச்சிருக்கார். இன்னொருத்தர் அத ஏத்த விடாம பிடிச்சு நிக்கறாங்க. அவங்க எத்தன நாள் தனியா நிக்க முடியும்?"

கிமியோ அடுப்பின் திரியைக் குறைத்தார். பிறகு, "கோர்ட்டுக்குச் சொல்லிடுங்க, இருக்கேன்னு," என்றார். "எங்கன்னு மட்டும் அவகிட்டச் சொல்லாதீங்க."

தூரத்தில் சுரங்கத்துக்குள் ரயில் ஊதியது.

"சொல்ல வேண்டியதில்ல," என்றார் உசாமி. "அந்த வண்டில வர்றாங்க."

கிமியோவின் முகம் வெளிறிப்போனது. ஓடப்போகிறார் என்று நினைத்து கோஹெய் கதவருகே நகர்ந்தான். கிமியோ ஓடவில்லை. சுவரில் சாய்ந்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நடைமேடையின் பாலத்தோரக் கோடிக்குப் போய், ஏற்கெனவே பெருக்கியிருந்த இடத்தையே மறுபடியும் பெருக்க ஆரம்பித்தார்.

ரயில் வந்து நின்றது. இறங்கியது ஒரே ஒருவர். கதவு மூடிக்கொண்டது, ரயில் பாலம் ஏறி மறைந்தது. வரிசையில் கேமராக்கள் இறங்கின. நடைமேடையின் இந்தக் கோடியில் மினாகோ. அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்குகிற மனிதர். நடுவில் பனி சளைக்காமல் பெய்தது.

மினாகோ அவரைக் கூப்பிடவில்லை. அந்த முதுகை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதைவிட, துடைப்பத்தின் காம்பு நடுங்குவதும் தெரிந்தது. அறைவாசலில் நின்ற உசாமியிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதிடுங்க. உயிரோட இருக்கார்னு. நான் கேட்டது அவ்ளோதான்."

"எழுதிடறேன்."

"எங்க கார்ல வந்துடுங்க மினாகோ-சான்," என்றான் கோஹெய். "இன்னிக்குக் கீழ போற வண்டி இனிமே ஒண்ணுதான் இருக்கு."

"நீங்க கெளம்புங்க," என்றார் மினாகோ.

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நடைமேடையில் நடந்தார். கிமியோவுக்குச் சற்றுத் தள்ளி, அவர் பெருக்கிய இடம் முடிந்து பெருக்காத இடம் தொடங்கும் கோட்டில் நின்றார். கிமியோவின் கை நின்றது. திரும்பவில்லை.

"இன்னொரு துடைப்பம் இருக்கா?" என்று கேட்டார் மினாகோ.

ஒரு மனிதர் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை கோஹெய் அதுவரை பார்த்ததில்லை. டாக்சியாக இருந்தால் மீட்டர் எகிறியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் விழுங்கிவிட்டான்.

"உள்ள இருக்கு," என்றார் கிமியோ. "கதவுக்குப் பின்னாடி."

அதற்குமேல் அங்கே நின்று பார்ப்பது நியாயமில்லை என்று அவர்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாமும் கிளம்புவோம்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்மணிகளா. உங்கள் வீட்டில் ஒருவர் பெயரை மற்றவர் தினமும் ஒரு முறையாவது வாய்விட்டுக் கூப்பிடட்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களுக்குத் திரும்பி வரும் வழி பனி மூடாமல் இருக்கட்டும். நல்லபடியாகப் போய்ப் படுங்கள்.